ழகரம் தீர்ந்த மாதம்

சூலியா தெரு, பினாங்கு
மாசி, 1931

அன்புள்ள மனைவிக்கு,

நான் சுகம். பத்திரிகையும் என்னைப் போலவே மெலிந்தாலும் மாதம் தவறாமல் எழுந்து நடமாடுகிறது.

இந்த மாதம் அச்சுக்கூடத்தில் ழகர அச்சுகள் தேய்ந்துபோயின. புதியவை சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

"ழ இல்லாத சொல்லா எழுதிக் குடுங்க லா," என்றார் அச்சுக் கோக்கும் செபாஸ்டியன்.

"தமிழ் எண்ட சொல்லுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"தாய்மொழின்னு போடலாங்க."

"அதிலையும் இருக்கே."

"அப்ப நம்ம பாஷைன்னு போடுங்க ஐயா. யாரு கோவிச்சுக்கப் போறாங்க?"

அப்படியே போட்டோம். ஏழைகள் இல்லாதவர்கள் ஆனார்கள். தொடர்கதையில் என் கதாநாயகி அழுவதை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். புக்கிட் மெர்தாஜாம் வாசகர் ஒருவர் நடை மெருகேறிவிட்டதாகப் பாராட்டியிருக்கிறார்.

நம்முடைய குழந்தையின் மறைவைப் பற்றி இரண்டு வரி போடவேண்டியிருந்தது. 'பிள்ளை' என்று எழுதியிருக்கலாம். அதற்கு அச்சு நிறையவே இருக்கிறது. நான்தான் எழுதவில்லை.

பினாங்குக் காய்ச்சலுக்கு ஓர் உயிர் கொடுத்தது போதும், தங்கை யாழ்ப்பாணத்திலேயே இருக்கட்டும் என்று உம்முடைய தமையனார் எழுதியிருந்தார். மறுத்து எழுத உட்கார்ந்தேன். மாதாமாதம் அரசாங்கத்துக்கே புத்தி சொல்லுகிற எனக்கு, அவருக்குச் சொல்ல ஒரு நியாயம் அகப்படவில்லை.

செபாஸ்டியன் மனைவிக்கு இது நிறைமாதம். நம் தொட்டிலைக் கேட்கிறார். உம்மைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் தூசி தட்டி வைத்திருக்கிறேன். இரண்டில் ஒன்றை எழுதும். தமையனாரிடம் சொல்லாமல், உம்முடைய கையாலேயே எழுதும்.

இப்படிக்கு,
உம்முடையவன்