லான் வீட்டுச் சுவர்

விழிஞ்ஞம் ரோடு,
திருவனந்தபுரம்.

என் அன்பு மகள் ஆர்ஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் சுமியும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ அனுப்பிய செய்தியும் போட்டோவும் வந்து நாள் ஆகிவிட்டது. பதிலே காணோமே, அம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று தங்கச்சி சுமியிடம் கேட்டாயாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பேனா பேப்பரைக் கிழித்துக்கொண்டு போனது, அதனால்தான் தாமதம். போனில் சொல்லலாம் என்றால் உனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேச அனுமதி, அதுவும் உங்கள் ஊழியக் குழுத் தலைவர் சுமந்த் பிரதர் நாகர்கோவில்காரர், தமிழ் தெரிந்தவர், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் இருக்கும்போது நான் பெற்ற பிள்ளையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நம் தெரு ஸ்மிதா லீவு முடிந்து மெல்போர்ன் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தனியாக இருந்து படி.

இங்கே விசேஷம் என்று பெரிதாக இல்லை. மழை விட்டபாடில்லை, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளால் ரோடு குழியும் சேறுமாகக் கிடக்கிறது, நான் ஸ்கூட்டரில் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் சேலை ஓரம் முழுக்கச் சிவப்பு மண். சுமி பிளஸ் டூ படிக்கிற லட்சணத்தில்தான் படிக்கிறாள், உன்னைப் போல உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, ஆனால் கேள்வி கேட்கிற புத்தி உண்டு. உனக்கும் அது இருந்தது. இப்போது எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.

ஊழியம் பிடிக்காமல் எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. டெக்னோபார்க்கில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, வியட்நாமிலிருந்து போய் அங்கே குடியேறியவர்கள் நடுவில் வேதம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நீ நின்றபோது உன் சித்தப்பா என்னைப் பேசிய பேச்சு உனக்குத் தெரியும், தகப்பனில்லாத பிள்ளையை அவிழ்த்து விட்டிருக்கிறாள் என்றார், ரெண்டெழுத்துப் படித்த திமிர் என்றார். அவளுக்கு அழைப்பு இருக்கிறது, போகட்டும் என்று நான் ஒருத்திதான் நின்றேன். நீ எழுதுகிறதையெல்லாம் வாசித்து வாசித்துச் சந்தோஷப்பட்டேன். சர்ச் ஹாலில் லேசான இங்கிலீஷில் வேத வகுப்பு நடத்துகிறாய், அவர்கள் பாஷையில் நீ ஜெபம் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றன, சந்தையில் கிழவர்கள் உனக்குப் பெயர் வைத்து மூலிகைக் கீரை இனாமாகத் தருகிறார்கள், எல்லாம் சுமியிடம் சொல்லி மகிழ்ந்தேன். நெயில் சலூனில் வேலை செய்கிற லான் என்கிற அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி நீ முதலில் சொன்னதும் நினைவிருக்கிறது. உனக்குக் காய்ச்சல் கண்டபோது உன் ரூமுக்கு வந்து, பிடிவாதமாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, இஞ்சி போட்டுக் கஞ்சி காய்ச்சித் தந்தாள் என்றாய். அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் கிண்ணத்தை ஹாலில் இருக்கிற தன் செத்துப்போன வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அப்புறம்தான் எனக்குத் தந்தாள் அம்மா, எனக்குச் சிரிப்பு வந்தது என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாய். நான் சிரிக்கவில்லை. என்னைப் போல ஒருத்தி அங்கேயும் இருக்கிறாள் என்று நினைத்து அன்றைக்கு முழுக்க அவளுக்காக ஜெபித்தேன்.

அந்தப் படத்தைத்தான் நீ கழற்ற வைத்திருக்கிறாய். ஞானஸ்நானம் எடுக்க லான் ஆசைப்பட்டாள், முதலில் வீட்டிலிருந்து விக்கிரகம் போக வேண்டும் என்று சொன்னேன், அழுதாள், பிறகு கீழ்ப்படிந்தாள் என்று எழுதியிருக்கிறாய். கீழ்ப்படிந்தாளாம். எங்கேயடி படித்தாய் இந்த வார்த்தையை? உன் அம்மா வயசுப் பெண்பிள்ளை, காய்ச்சலில் உனக்குக் கஞ்சி ஊற்றியவள், உனக்குக் கீழ்ப்படிய வேண்டுமா? போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது, கீழே இருந்த பலகை காலி, ஊதுபத்திச் சாம்பல் கிண்ணம் தரையில் கிடக்கிறது, படம் ஒரு அட்டைப்பெட்டிக்குள் முகம் உள்பக்கமாகச் செருகியிருக்கிறது. லான் உன் பக்கத்தில் நிற்கிறாள். அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாயா மகளே? பெட்டியின் விளிம்பில். எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று இறுக்கிப் பிடித்திருக்கிற கை அது. அது உன் கண்ணில் படவில்லை, சுமந்த் பிரதர் கண்ணிலும் படவில்லை, ஜெயம் என்று தலைப்புப் போட்டு எல்லாருக்கும் அனுப்பிவிட்டீர்கள். அதோடு விட்டாயா? அவருடைய நினைவு நாள் வருகிறதாம். அன்றைக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைத்துச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது அவர்கள் வழக்கமாம். படம் இல்லாமல் போகட்டும், சமைக்கவாவது செய்யலாமா என்று லான் உன்னிடம் வந்து கேட்டாளாம். தன் வீட்டு அடுப்பில் தன் கையால் சமைக்க உன்னிடம் அனுமதி. நீ கூடாது என்றாயாம். உறுதியாக நின்றேன் அம்மா, எனக்காக ஜெபியுங்கள் என்று முடித்திருக்கிறாய். ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்காதே.

நம் வீட்டு ஹாலில் என்ன இருக்கிறது ஆர்ஷா? உன் அப்பா படம் இருக்கிறது. பிளாஸ்டிக் பூமாலை போட்டிருக்கிறது, மேலே சிவப்பு சீரோ வாட் பல்பு ராப்பகலாக எரிகிறது. அந்தப் பல்பு பியூஸானால் கடைக்கு ஓடுகிறது யார் என்று சுமியைக் கேள். அப்பா நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தபோது நல்ல போட்டோ ஒன்று இல்லாமல் ஆதார் கார்டுக்கு எடுத்ததை ஸ்டூடியோவில் கொடுத்தோம், அவன் அழகாக இருக்கட்டும் என்று கோட்டும் டையும் ஒட்டித் தந்தான். நீ அன்றைக்கு ஸ்டூடியோவில் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்க அப்பா எலக்ட்ரீஷியன், கோட்டு போட்ட இவரு ஆரு, எங்களுக்கு எங்க அப்பா வேணும் என்று அழுது, அந்தக் கட்டம் போட்ட சட்டையோடு திரும்பவும் செய்ய வைத்தாய். பிளேன் ஏறப் போன அன்று செருப்பு போட்ட பிறகு திரும்பி உள்ளே வந்து, பிரேமைத் தொட்டு, அப்பா வாறேன் என்று சொன்னாய். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். அவருடைய நினைவு நாளில் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், போதகரைக் கூப்பிட்டு ஜெபம் வைக்கிறோம், வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிறோம். அப்பாவுக்குப் பிடிக்கும், மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கட்டாயம் வைக்கணும் என்று அடம் பிடிக்கிறது நீ. அது ஞாபகம், லான் செய்தால் விக்கிரகமா? இந்தக் கணக்கை உனக்குச் சொல்லித் தந்தது யார்? நான் தரவில்லை.

இங்கே நடந்ததையும் கேள், வேறு யாராவது திரித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு நம் சர்ச்சில் மிஷன் ஞாயிறு. உன் அறிக்கையைப் போதகர் வாசித்தார், போட்டோவைத் திரையில் போட்டார். சபை கை தட்டியது. எனக்குப் பின்னால் இருந்தவர்கள் தோளைத் தட்டி, மோளு பெரிய காரியம் செய்துட்டா என்றார்கள். தாயார் முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் கூப்பிட்டார். நான் போனேன். எங்கள் வீட்டு ஹாலில் என் வீட்டுக்காரர் படம் மாலையும் விளக்குமாகத் தொங்குகிறது, உங்கள் வீடுகளிலும் தொங்குகிறது, கழற்ற யார் யார் வருகிறீர்கள், முதலில் என் வீட்டிலிருந்து தொடங்கலாம், ஏணி நான் பிடிக்கிறேன் என்று சொன்னேன். போதகர் கீதப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார், யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். சாயங்காலமே பெண்கள் சங்கச் செயலாளர் சரசம்மா அக்கா நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். எடீ ஷைலஜா, நீ என்ன பணி காட்டினே, சொந்த மோளுக்கு எதிரா ஆராவது மைக்கில நின்னு பேசுவாளா என்று ஆரம்பித்தாள். நம்மளது கரண்டில எரியுற பல்பு அல்லே, அவங்களது ஊதுபத்தி, பல்பை ஆருடீ கும்பிடுதா என்றாள். சுமி சும்மா இருப்பாளா, அப்போ கரண்ட் போற நேரத்துல நாம இன்னும் கொஞ்சம் பரிசுத்தம் ஆவோமா மாமி என்று கேட்டாள். நான் அவளை முறைத்தேன், ஆனால் எனக்கும் சிரிப்பு வந்தது, அந்த வாரத்தில் வந்த ஒரே சிரிப்பு. நான் அக்காவிடம் ஒன்றுதான் கேட்டேன். காலையில் உன் வீட்டுக்காரர் தங்கப்பன் அண்ணன் படத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து, இன்னைக்கு அயலை மீன் என்ன விலை தெரியுமா என்று சொல்கிறாயே, அது என்ன ஆராதனை என்று. அவள் சாயாவை ஊதி ஊதிக் குடித்து முடித்தாள். போகும்போது வாசலில் நின்று, அந்தப் பெண்ணு இப்போ படத்தை எங்கயாக்கும் வச்சிருக்கா, ஈரம் படாத இடம்தானே என்று கேட்டாள். அதை உன்னிடம்தான் கேட்க வேண்டும். உனக்குத் தெரியுமா? விசாரித்தாயா?

நான் வியட்நாம்காரர் வழக்கம் அறிந்தவள் இல்லை. சுமி தேடிப் பார்த்துச் சொன்னாள், அவர்களில் கத்தோலிக்கர் பலர் சிலுவைக்குக் கீழேயே இறந்தவர் படத்தை வைத்திருக்கிறார்களாம். அது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒருவேளை லான் அவரைக் கும்பிடுகிறவளாகவே இருக்கலாம். ஆனால் ஊதுபத்தி கொளுத்தும்போது அவரிடம் என்ன சொல்வாய் என்று ஒரு தடவை அவளிடம் கேட்டாயா? கேட்காமல் கழற்றச் சொன்னாய், அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ கேட்டிருந்தால் ஒருவேளை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, இந்த மாதம் வாடகை கூடிவிட்டது என்றோ, உங்களைக் காணாமல் தூக்கம் வரவில்லை என்றோதான் சொல்லியிருப்பாள். நானும் அதையேதான் சொல்கிறேன். நீ போன பிறகு உன்னைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறேன். இந்த போட்டோவைப் பற்றி மட்டும் உன் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றெல்லாம் எழுதாதே. அந்த நினைவு நாள் வருவதற்குள் லான் வீட்டுக்குப் போ. சுமந்த் பிரதரைக் கூட்டிக்கொண்டு போகாதே, போட்டோ எடுக்கிறவர்கள் யாரும் வேண்டாம். வாசலில் நின்று மன்னிப்புக் கேள். அவர்கள் பாஷையில் கேள், அவ்வளவு நாள் படித்தாயே, சிரித்தால் சிரிக்கட்டும். அவள் உள்ளே விடாவிட்டால் அடுத்த நாளும் போ. உள்ளே விட்டால் படத்தை எங்கே மாட்ட வேண்டும் என்று அவளைக் கேட்டு உன் கையால் எடுத்து மாட்டு. இப்போது வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள், உன் மனசு ஆறுவதற்காக அவளை இன்னொரு தடவை கட்டாயப்படுத்தாதே. அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு, சமைக்கும்போது காய் நறுக்கிக் கொடு. ஞானஸ்நானம் எடுக்கிறாளா இல்லையா என்பது அவளுக்கும் கர்த்தருக்கும் உள்ள காரியம், நடுவில் உனக்கு அங்கே வேலை கிடையாது. இதற்காகக் குழுவிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தால், அனுப்பட்டும், வா, ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். மாட்டி முடித்ததும் வீடியோ கால் போடு. உன் முகத்தைக் காட்ட வேண்டாம், அந்தச் சுவரைக் காட்டு. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை போனைச் சுமிதான் எடுப்பாள்.

கர்த்தர் உன்னைத் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உனக்கு நல்ல ஆரோக்கியமும், அதற்கு மேல் நல்ல இதயமும் தரட்டும். கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு, நான் உன் அம்மா, இரண்டும் என்னிடம் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். ஸ்மிதாவிடம் ஏத்தங்காய் உப்பேரி இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வாழைக்காய் வாங்கி நானே சீவி வறுத்தது. சின்னது உனக்கு. பெரியதைப் பிரிக்காதே, அது அந்த வீட்டுக்கு. வெறுங்கையோடு போய் நிற்காதே.

உன் அம்மா,
ஷைலஜா ஜெயன்