ரம்பம் பாதியில் நின்ற கல்

சாந்தா குரூஸ்
செவ்வாய்க்கிழமை

மகளே,

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உங்கள் மலையூர் ஒரூரோவுக்கு வருகிறேன். வரலாமா என்று கேட்டு இதை எழுதவில்லை. அவ்வளவு உயரத்தில் மூச்சு வாங்கும் என்று உன் அம்மா பயமுறுத்திப் பார்த்தாள். வாங்கட்டும்.

பையில் அவள் சுட்ட குன்யாபே ரொட்டியும், சிறுமியாக இருந்தபோது நீ என் பட்டறைக் கற்குவியலில் பொறுக்கிய பொலிவியானிட்டாக் கல்லும் இருக்கும். பாதி ஊதா, பாதி மஞ்சள். மெருகேற்றிவிட்டேன். உன் குழந்தை பார்க்கட்டும்.

நான் கல் அறுக்கும் தொழில் பழகிய காலத்தில் இரண்டு நிறக் கல்லை யாரும் வாங்க மாட்டார்கள். நிறம் மாறும் இடத்தில் அறுத்து, ஊதாவைத் தனியாகவும் மஞ்சளைத் தனியாகவும் விற்போம். கை அதற்கே பழகிவிட்டது.

நீ உன் கணவரோடு கிளம்பிய அன்று, "அந்த மலைக்காரன் கால் இந்த வாசல்ல படக்கூடாது" என்று கத்திவிட்டு, இந்தக் கல்லையும் ரம்பத்தில் வைத்தேன். அம்மா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

"பொண்ணத்தான் வெட்டி விட்டுட்ட. இந்தக் கல்லு என்னய்யா பண்ணுச்சு உன்னை?"

நான்கு வருடம் கல் பெட்டியில் கிடந்தது.

ரம்பம் நகத்தின் கனத்துக்கு இறங்கியிருந்தது. அந்தக் கோட்டைத் தேய்த்து எடுக்க எனக்கு அரை நாள் போதும். எடுக்கவில்லை. மற்ற பக்கங்களைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அலமாரியில் வைக்கும்போது அந்தக் கோடு சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பிவிடாதே. யார் இதை அறுக்கப் பார்த்தது என்று வருகிறவர்கள் கேட்டால், ரோமுலோ சொல்லட்டும். ஆமாம், அவர் பெயர் எனக்குத் தெரியும். நான்கு வருடமாகவே தெரியும்.

அவர் சொல்லும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா