இயாகோபோ வந்து சொன்ன சேதி

சஃபோத்து, சவாயித் தீவு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஃபுவாதினோவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலை மட்டும் அதில் சேர்க்க முடியாது. நீயும் பிரிஸ்பேனில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். தோட்டத்தில் ஈரப்பலா காய்த்துக் கொட்டுகிறது, அக்கம்பக்கம் கொடுத்தும் தீரவில்லை. நான் ஓட்டும் நம் பஸ்ஸுக்குப் புது டயர் போட்டாயிற்று. போனில் உன்னோடு நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, பிறகு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் போனில், குழாய் பதிக்கும் நான்கு இடத்து வேலையையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய பொறுப்பு தருகிறார்கள் என்றாய். சந்தோஷப்படுவதற்குள், அதுக்கு எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியலப்பா என்றும் சொன்னாய். ஏன் தருகிறார்கள் என்று கேட்டதற்கு, சின்ன மண்சரிவு, யாருக்கும் ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட உட்காரும்போது ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். பெயர் இயாகோபோ, ஐம்பது வயதிருக்கும், உன்னிடம் பொக்லைன் ஓட்டுகிறவராம். தங்கை கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர், இரண்டு பஸ் மாறி நம் வீட்டைத் தேடி வந்திருக்கிறார். தட்டில் வைத்த கிழங்கைத் தொடாமல் பேச ஆரம்பித்தார். ஐயா, பதினோரு வருஷமா அங்க மண்ணு தோண்டுறேன், டீசல் இருக்கான்னு கேப்பாங்க, வேற எதுவும் என்கிட்ட யாரும் கேட்டதில்ல, உங்க பொண்ணு மேனேஜரா வந்த முதல் வாரமே பெரிய இன்ஜினியர்களையெல்லாம் கொஞ்சம் பொறுங்கன்னுட்டு, இயாகோபோ, மண்ணு இன்னைக்கு எப்படி இருக்குன்னு நம்ம மொழியிலயே கேட்டாங்க என்றார். முதல் நாள் வெட்கப்பட்டுச் சும்மா இருந்தாராம். அப்போது நீ உன் கதையைச் சொன்னாயாம். நெதர்லாந்தில் முதுகலை படிக்கையில் ஐந்து பேர் சேர்ந்து செய்த வேலையில் ஒரு கணக்குத் தப்பு என்று உனக்கு மட்டும் தெரிந்ததும், மற்றவர்கள் படபடவென்று பேசுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டதும், கடைசியில் ஐந்து பேருமே தோற்றதும். ஜப்பானில் இருந்த வருஷத்தில் உன் மேலதிகாரி தினமும் ஆபீசுக்குள் போகுமுன் பள்ளத்தில் இறங்கி வேலையாட்களிடம் பேசுவாராம், அதையும் சொன்னாயாம். இதெல்லாம் எங்களுக்கு நீ சொன்னதே இல்லையே மகளே.

அப்புறம் ஒரு நாள் அவர் தானாகவே வாய் திறந்திருக்கிறார். நேற்று வரை காய்ந்து கிடந்த பக்கத்தில் இன்று தண்ணீர் கசிகிறது, மண்ணின் வாடையே மாறியிருக்கிறது என்று. குழாய் பதிக்கும் அந்தப் பள்ளத்திலிருந்து எல்லோரையும் உடனே மேலே ஏற்றிவிட்டாயாம். பொக்லைன் ஓட்டுறவர் பேச்சுக்கு வேலைய நிறுத்தினா நாம எதுக்குப் படிச்சோம் என்று ஒருவர் எகிறியதற்கு, இவர் பேச்சைக் கேக்கறதுக்குத்தான் நான் அவ்வளவு தூரம் போய்ப் படிச்சேன் என்றாயாமே. மறுநாள் மதியம், மழை ஒரு சொட்டு இல்லை, அந்தப் பக்கம் முழுக்க உள்ளே விழுந்துவிட்டது. உள்ளே இருந்திருக்க வேண்டிய ஒன்பது பேரும் மேலே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்களாம். நானும் அதுல ஒருத்தன் ஐயா என்றார். அம்மா விசிறியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து என்னைத்தான் பிடித்தாள். பொண்ணைத் திட்ட மட்டும் வாய் இருந்துச்சே, இப்ப ஏதாவது சொல்லேன் என்றாள்.

சொல்கிறேன். வேலையில இருக்கிறவளுக்கு மறுபடி என்ன படிப்பு, ஊர் சுத்தணும்னா என் பஸ்ல ஏறு, ஒரே நாள்ல தீவையே சுத்திக் காட்டுறேன் என்று நாலு பேர் சிரிக்கும்படி உன்னைச் சொன்னவன் நான். நீ படிக்கக் கிளம்பிய அன்று, வழியனுப்ப பஸ்ஸை விட்டு வர முடியாது என்றேன். அன்றைக்கு பஸ் ஓடவே இல்லை, அதற்குள்ளேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதே என்று உன்னை வளர்த்ததும் நான்தான். அதை மாற்றிக்கொள்ள நீ தனியாகக் குளிரில் எவ்வளவு பாடுபட்டிருப்பாய் என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள். தகுதியைப் பற்றி அந்த ஒன்பது பேர் வீட்டில் கேட்டுக்கொள். இயாகோபோவின் தங்கை கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பொக்லைன்காரர் மேனேஜருடைய அப்பா அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைப்பாராம். அம்மா இப்போதே உடுப்பு தைக்கக் கொடுத்துவிட்டாள்.

வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. பள்ளத்தில் இறங்கும்போது தலைக்கவசத்தைக் கழற்றாதே, மேனேஜரானாலும். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கை பட்ட வேலை நிலைக்கட்டும்.

இன்னொன்று. நேற்று கப்பலேறி தலைநகர் ஆப்பியாவுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். அறுபத்து நான்கு வயதில் முதல் பாஸ்போர்ட். எதுக்கு இந்த வயசுலன்னு கேட்ட ஆபீஸ் பெண்ணிடம், என் மகள் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க என்றேன். படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாதாம். மூன்று தடவை எடுத்தார்கள், என்னால் முடியவில்லை.

உன் அப்பா,
பெலெனாட்டோ