பன்னிரண்டு வியாழக்கிழமைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? மாத்திரையை நேரத்துக்குப் போடு. அன்று போனில் நான் வாயெடுப்பதற்குள், "தூக்கி வளர்த்தவ பிள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போட உனக்குக் கை வலிக்குதாடா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவே இல்லை. ஊரெல்லாம் என்னைச் சாமி என்கிறது. நீ ஒருத்திதான் 'டா' போடுகிறாய். அதுவும் நின்றுபோகுமோ என்று பயமாக இருக்கிறது. கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

உன் மகன் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியும். குருமடத்தில் ஏதோ ஒரு பாடத்தில் மூன்று கிரெடிட் குறைகிறது, அதற்காக மாமா வீம்பு பிடித்துக் குருப்பட்டத்தைத் தடுக்கிறார். அவ்வளவுதானே? அந்தப் பாடம் என்னவென்று சொல்கிறேன். ஒவ்வொரு குருமாணவனும் சாகக் கிடக்கும் ஒரு நோயாளியைப் பன்னிரண்டு வியாழக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஒவ்வொரு தடவையும் வார்டு நர்சு ஓர் அட்டையில் கையெழுத்துப் போடுவார். அட்டை நிரம்பினால்தான், அந்த நோயாளியைப் பற்றி அவன் எழுதும் கட்டுரையை நான் கையில் வாங்குவேன். விதியை எழுதியவனே நான்தான். போன வருடம் ஒரு கையெழுத்து குறைந்ததற்காக ஒரு பையனின் கட்டுரையை முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுத்தேன்.

உன் மகனிடம் மட்டும், "அட்டைய அப்புறம் குடுடா" என்றேன். நம் பிள்ளைதானே என்ற நினைப்பு.

கட்டுரை அவ்வளவு நன்றாக இருந்தது, அக்கா. நோயாளி ஒரு லாரி டிரைவர். பன்னிரண்டாவது வியாழக்கிழமை இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்காரி மேல எனக்கு ஒரு கோபமும் இல்லன்னு சொல்லுங்க தம்பி" என்று சொல்லிக் கண்ணை மூடினாராம். படித்ததும் வகுப்பிலேயே வாசித்துக் காட்டினேன். எங்கள் வழக்கப்படி அவர் மனைவிக்கு ஆறுதல் கடிதம் எழுதியபோது, அந்த வரியையும் தேதியையும் சேர்த்தே அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா என் அறைக்கு வந்தார். தையல் கம்பெனியில் வேலை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றாமலே வந்திருந்தார். ஒரு கையில் என் கடிதம், இன்னொன்றில் இறப்புச் சான்றிதழ். "சாமி, நீங்க எழுதின தேதிக்கு எட்டு வாரம் முன்னாடியே அவரைப் புதைச்சாச்சு" என்றார். குரலில் கோபமே இல்லை. சாவதற்கு முந்தின நாள் அவரோடு சண்டை போட்டாராம், மறுநாள் வேலைக்குப் போன நேரத்தில் அவர் போய்விட்டாராம். "அந்த வார்த்தை அவர் சொன்னதுதானே சாமி?" என்று கேட்டார்.

கட்டுரையே பொய்யோ என்று எனக்கு அப்போதே பட்டது. இருந்தும், "ஆமாம்மா, தேதிதான் தப்பா விழுந்திடுச்சு" என்றேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே உன் மகனைக் கூப்பிட்டு அட்டையைக் கேட்டேன். மூன்று கையெழுத்துதான் இருந்தது. பயமாக இருந்ததாம், அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்க முடியவில்லையாம். நான்காவது வியாழக்கிழமை மருத்துவமனை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறான். அன்றுதான் அவர் இறந்தார். காலையிலிருந்து, "அந்தத் தம்பி வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாக, போனில் விசாரித்தபோது நர்சு சொன்னார். அந்த அம்மா வந்ததையும் நான் சொன்ன பதிலையும் சொல்லிச் சத்தம் போட்டேன். அதற்கு அவன், "நீங்களும்தானே அந்த அம்மாகிட்ட பொய் சொன்னீங்க மாமா?" என்றான். மறுநாளே அவன் பையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்துவிட்டான்.

திங்கட்கிழமை ஆயருக்குப் போகும் குருப்பட்டப் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. பட்டத்துக்கு அழைப்புப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தால் நிறுத்தச் சொல். குருமட அதிபரிடம் என் தப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்; பாடப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். அவன் விரும்பினால் அடுத்த வருடம் பன்னிரண்டு வாரத்தையும் முதலிலிருந்து தொடங்கலாம்.

சனிக்கிழமை காலை அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன். உங்கள் புருஷன் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். இப்போது அவருக்கு இருப்பதே அந்த ஒரு வரிதான், அதையும் நான் பிடுங்கப் போகிறேன். இரண்டு தடவை தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். இதில் உன் மகனைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவனை அனுப்பி வை, அக்கா. கிரெடிட்டுக்காக இல்லை, வந்தாலும் கையெழுத்துக் கிடைக்காது. அந்த மூன்று வியாழக்கிழமையும் அந்த மனிதர் உண்மையில் என்ன பேசினார் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நல்லதோ கெட்டதோ, அதையாவது உள்ளபடி அந்த அம்மாவிடம் சொல்லட்டும். ஏழு மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

கடவுள் உன்னையும் அத்தானையும் அவனையும் கைவிடாமல் காக்கட்டும். எனக்காகவும் ஜெபம் பண்ணு. தனியாக அந்த வீட்டுக் கதவைத் தட்ட எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

உன்
தம்பி