சப்புக்கொட்டியின் புதன்கிழமைகள்

மார்ச் 6, புதன்

இன்று போன கடை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில். ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஆனால் ஏறியது வீண்போகவில்லை. கையால் இழுக்கிற கோதுமை நூடுல்ஸ். கண்ணெதிரே மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, கொதிக்கிற பானையில் போடுகிறார்கள். பல்லில் பட்டதும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அப்புறம் வழிக்கு வருகிறது. "என்னை மாதிரி," என்றேன். இவர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டார்.

பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் 'சப்புக்கொட்டி' என்ற பெயரில் இவர் எவ்வளவோ காலமாகச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறார். முன்பெல்லாம் போட்டோக்காரரோடுதான் போவார். போன வருஷம் அந்தப் பொல்லாத காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகுதான் மனுஷனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. புதன்கிழமை மதியம் ஆனால் என் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் வந்து நிற்கிறார்.

"நீ பேசு, நான் சாப்பிடுறேன்." இதுதான் மேஜைச் சட்டம். நானும் உப்பு, காரம், வாசனை, உளறல் எல்லாவற்றையும் கொட்டுகிறேன். நாள் பூராவும் அடுத்தவர்களைப் பார்த்து "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்கிறவளை உட்காரவைத்து ஒருவர் "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் உச்சி குளிராதா?

கடைசியாக எள் அடைத்த அரிசிமாவு உருண்டைகள், இஞ்சிப் பாகில். கடித்தால் எள் விழுது சுடச்சுட வழிகிறது. மிச்சமிருந்த ஒன்றையும் என் பக்கம் தள்ளிவிட்டார். வயதான காலத்தில் வந்த காதல் என்று மகள் கேலி செய்கிறாள். செய்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 13, புதன்

ஜலதோஷம். தலை கனக்கிறது. வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் சின்னக் கடை. ஒரு அம்மா தனியாக நடத்துகிறார். கோழி எலும்பு வேகவைத்த தெளிவான சூப், அதில் அரிசி நூடுல்ஸ். "பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு," என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டே. இவரும் அதே சூப்பைத்தான் குடித்தார். "ம்ம், எனக்கும் அப்படித்தான்," என்றார். அப்புறம் சோயாப் பாலை உறையவைத்து, மேலே வெல்லப்பாகு ஊற்றி ஒரு கிண்ணம். வழுவழு என்று தொண்டையில் இறங்கியது. வேறொன்றும் தெரியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

"பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் சூப்பா?" என்று அச்சில் வந்திருக்கிறது. அதுதான் தலைப்பே. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

மார்ச் 21, வியாழன்

நேற்று இவருக்கு அலுவலகத்தில் கூட்டம், போகவில்லை. இன்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி கொடுக்கப் போனேன். நல்ல பசி. மூக்கடைப்பு விட்டிருந்தது. வேறு எங்கும் போகாமல் அந்தச் சந்துக்குள் ஏன் நுழைந்தேன் என்று தெரியவில்லை.

அதே சூப். முதல் கரண்டியிலேயே தூக்கிவாரிப் போட்டது. எலும்பின் சாறு முழுக்க இறங்கி, சுட்ட இஞ்சியும் வறுத்த பூண்டும் பின்னால் மெதுவாக வந்து, குடித்த பிறகும் உதட்டில் ஒட்டுகிற சூப். நூடுல்ஸ் குழையவில்லை. சோயாப் பால் கிண்ணத்தில் வெல்லத்தின் கருகல் வாசம் கூடத் தெரிந்தது. கடையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

"இன்னைக்கு வேற மாதிரி செஞ்சீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"என்னிக்கும் ஒரே மாதிரிதாம்மா. விடியறதுக்கு முன்னாடியே எலும்பை ஏத்திருவேன்." கிண்ணத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பேப்பர்ல எவனோ எழுதி வயித்துல அடிச்சுட்டான். போன வாரம் வரைக்கும் மதியத்துக்கு ஆள் உக்கார இடம் இருக்காது. இப்ப பாருங்க."

எவனோ இல்லை. நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எனக்காவது மூக்கு அடைத்திருந்தது. இவருக்கு என்ன கேடு?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. கடைன்னா ஒருநாளைப்போல ஒருநாள் இருக்காது," என்று பூசி மெழுகினார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மார்ச் 23, சனி

மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும். இன்னும் அந்தக் கடையையே நினைத்துக்கொண்டு காய்கறி சூப் வைத்தேன். நினைப்பில் உப்புப் போடவே மறந்துபோனேன். வாயில் வைத்ததும் எனக்கே சகிக்கவில்லை. எழுந்து உப்பு ஜாடியை எடுக்கப் போனால், பின்னாலிருந்து இவர் குரல்:

"பிரமாதம். இன்னைக்கு உப்பு கச்சிதமா இருக்கு."

ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். "இன்னொரு வாய் குடிச்சுட்டுச் சொல்லுங்க," என்றேன். குடித்தார். என் கையைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

காய்ச்சலோடு நாக்கும் மூக்கும் போய்விட்டதாம். சுத்தமாக. ஒரு வருஷமாக ஒன்றுமே தெரியாதாம் — சூடு தெரியும், வழவழப்பு தெரியும், அவ்வளவுதான். டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம்.

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா நீ பரிதாபப்படுவே. அப்புறம் எனக்காகப் பாத்துப் பாத்துப் பேசுவே. எனக்கு நீ யோசிக்காம உளர்றதுதான் வேணும். அதுலதான் ருசி அப்படியே இருக்கும்."

"எனக்கு ஜலதோஷம்னு தெரியும்ல?"

"தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுத்தாகணுமே."

அழுகை வரவில்லை. அந்த மனுஷன் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

சமைக்கவில்லை. சமைச்சா என்ன, சமைக்காட்டி என்ன.

மார்ச் 26, செவ்வாய்

போட்டோக்காரர் கண்ணாடிக் கால் உடைந்துவிட்டது என்று கடைக்கு வந்தார். திருகாணியை முடுக்கிக்கொண்டே, இவருக்கு நாக்கு செத்துப்போனது தெரியுமா என்று கேட்டேன். அவருக்குத் தர்மசங்கடம்.

"ஆரம்பத்துலயே சொன்னாரே அண்ணி. 'என் நாக்கு இப்ப வீட்டுக்காரிகிட்ட இருக்கு'ன்னு சிரிப்பாரு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் செய்யறீங்கன்னு நெனச்சேன்."

ஊருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டியவளுக்குத் தெரியவில்லை.

ஒரு வருஷமாக எத்தனை 'அருமை', எத்தனை 'பிரமாதம்'. தேங்காய்ப்பால் நூடுல்ஸை வீட்டில் செய்து பார்த்தேனே, "கடையிலகூட இப்படி வராது" என்றாரே — எல்லாம் வாய்க்கு வந்தது. அந்த எள் உருண்டையை எனக்குத் தள்ளியது? அவருக்கு அது வெறும் சுடுகிற மாவு. நான் அதைத் தின்றுவிட்டு என்ன சொல்கிறேன் என்று பார்த்திருக்கிறார். நான் என்னவோ குமரி மாதிரி வெட்கப்பட்டேன். சே.

நாக்கு போனதை மன்னித்துவிடலாம், அதில் அவர் குற்றம் என்ன இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டாரே, "உனக்கு எப்படி இருக்கு" என்று. அது கேள்வியே இல்லையே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 27, புதன்

மதியம் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு. நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே வரமாட்டேன்," என்றேன். "அந்தம்மா கடையைப் பத்தித் தப்பா எழுதிட்டேன்னு திருத்தி எழுதுங்க. அது போதும்."

"எழுதறேன். ஆனா மறுபடி போய்ச் சாப்பிட்டுத்தானே எழுதணும்? நீ வராம எப்படி?"

"உங்க நாக்குக்குத் தெரியலேன்னு உள்ளது உள்ளபடி எழுதுங்க."

"அப்படி எழுதினா அதோட சப்புக்கொட்டி காலி." திரும்பிப் போய்விட்டார். உள்ளே இருந்த வாடிக்கையாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரில் கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 31, ஞாயிறு

'சப்புக்கொட்டி விடுமுறையில் இருக்கிறார்' என்று ஒரு வரி. நல்லதுதான்.

ஏப்ரல் 3, புதன்

சாயங்காலம் மகள் கல்லூரியிலிருந்து வரும்போதே முகம் பூரித்திருந்தது. மதியம் அப்பா கல்லூரி வாசலில் வந்து நின்றாராம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாராம்.

"சூப்பு செமையா இருந்துச்சு மா. கிண்ணத்தைக் கீழ வைக்கவே மனசு வரலே. அதை விடு. நான் பேசிட்டே இருந்தேன், அப்பா கேட்டுட்டே இருந்தாரு. நடுவுல ஒரு போன்கூட எடுக்கலே. 'உனக்கு எப்படி இருக்கு, சொல்லு சொல்லு'ன்னு கேக்கறாரு மா. சின்ன வயசுலகூட இப்படிக் கேட்டதில்லே. இனிமே எல்லா புதனும் நாங்க ரெண்டு பேரும்தான்."

இவர் அறைக்குப் போனேன். எழுதிக்கொண்டிருந்தார்.

"நீதானே திருத்தி எழுதச் சொன்னே?" என்றார் நான் கேட்பதற்கு முன்பே. "உள்ளதைத்தான் எழுதறேன். அந்தம்மாவுக்கு நல்லது நடக்கட்டும்."

"அவகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"இந்த வாரம் போகட்டுமே. சந்தோஷமா இருக்கா இல்லே."

சந்தோஷமாகத்தான் இருந்தாள். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு வருஷம். வெளியே வந்து அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். காய்ச்சல், நாக்கு, மூக்கு, புதன்கிழமை, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்போ ஜனவரியில அவரு பொறந்தநாளுக்கு நான் மாம்பழப் புட்டிங் செஞ்சேனே மா?" என்றாள். "ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே?"

அவரிடமே கேள் என்றேன்.

எழுந்து இவர் அறைக்குப் போனாள்.