கடலட்டை மருந்து தோற்ற பிறகு திறந்த அறை

என் ஆசை ராத்தா,

நீங்கள் உறங்கும் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். உங்கள் தங்கச்சி எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் எதை முதலில் சொல்வதென்றே தெரியவில்லை. இன்று காலை நம் கரைத்தீவில் மதரஸாவுக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டோம். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்தால் காலில் புண் வந்தவர்களுக்கு மருந்து கட்டுகிற அறை. முதல் ஆளாக வந்து செருப்பைக் கழற்றியவர் யார் தெரியுமா? சலீம் நானா! நம் வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்திய அதே சலீம் நானாதான்.

அவர் ஏன் கத்தினார் என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். கடலட்டை மருந்து தோற்றுப்போய்விட்டது, ராத்தா.

கடலட்டையிலிருந்து களிம்பு செய்கிறோம் என்று அந்தக் கொழும்புக் கம்பனி வந்தபோது, பரிசோதனைக்கு முதலில் பெயர் கொடுத்தது நீங்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆறவே ஆறாது என்றிருந்த உங்கள் குதிகால் புண் மூடிக்கொண்டதும் நமக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. தெருவே வந்து பார்த்தது. கம்பனி பங்கு விற்றபோது நீங்கள் காப்பைக் கொடுத்து வாங்கினீர்கள். உங்களைப் பார்த்து சலீம் நானா தோணிக்கு என்ஜின் வாங்க வைத்திருந்ததைப் போட்டார். உப்பளத்தில் வேலை செய்யும் றிஸானா மகளின் கலியாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டாள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த நாம் ஒரு கம்பனிக்குப் பங்காளிகள்! அந்தப் பெருமை முகத்தில் இருக்கும்போதே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

செய்தி வந்தபோது நான் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். றிஸானா போன் எடுத்தாள். "நஸீமா, மருந்து சரிவரல்லயாம். பங்கெல்லாம் விழுந்துட்டாம்." விற்றுவிடலாமா என்று தரகரிடம் கேட்டால், விற்கலாம், வாங்கத்தான் ஆளில்லை என்றார்.

அன்று பின்னேரம்தான் சலீம் நானா வந்தார். "ஒங்கட ராத்தாட காலப் பார்த்துத்தானே காசப் போட்டோம்! அது என்ன, பொய்க் காலா?"

"மௌத்தானவங்கள இழுக்காதீங்க, நானா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிறகு உங்கள் கட்டிலில் குப்புறப்படுத்து அழுதேன். ஆறிய புண்ணை நான் கண்ணால் பார்த்தேனே, மருந்து எப்படித் தோற்கும்?

அதைக் கேட்கத்தான் கொழும்புக்குப் போனேன். பங்குக்காரர் கூட்டத்துக்கு எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்தோம். சலீம் நானாவும் வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பெரிய மண்டபம், குளிர்ந்த காற்று, கோட்டுப் போட்ட மனிதர்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்துவிட்டேன். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உரக்கவே கேட்டேன், ராத்தா.

"எங்கட ராத்தாட புண் ஆறின. அப்ப மருந்து எப்படித் தோத்த?"

பரிசோதனையை நடத்திய டாக்டர் தமிழ் பேசுகிறவர். அவர்தான் பதில் சொன்னார். "மருந்து போட்டவங்களுக்கும் ஆறிச்சு, வெறும் களிம்பு போட்டவங்களுக்கும் அதே அளவு ஆறிச்சு. அதனாலதான் மருந்து தோத்திச்சு." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ராத்தாவுக்கு ஆர் கட்டுப் போட்டது?"

"நான்தான். பரிசோதனைக்கு வந்த நர்ஸ் மிஸ் காட்டித் தந்த மாதிரி, ஒவ்வொரு நாளும் கழுவி, புதுத் துணி வச்சு. கால ஊன்றதுக்கும் விடல்ல."

"எல்லா வீட்டிலயும் அப்படித்தான் செஞ்சாங்க. ஆத்தினது அந்தப் பராமரிப்புத்தான்."

கூட்டம் முடிந்ததும் அவர் பின்னால் ஓடினேன். பதிவைப் பார்த்துச் சொன்னார்: உங்களுக்குக் கிடைத்தது வெறும் களிம்பு.

திரும்பும் வழியில் அதை வேனில் எல்லாரிடமும் சொன்னேன். சிலாபம் தாண்டியதும் சலீம் நானா மெல்லத் திரும்பினார். "அப்ப அது பொய்க் கால் இல்ல."

"இல்ல, நானா."

தன் காலைக் காட்டிச் சொன்னார். "நஸீமா, எனக்கும் பெருவிரல்ல புண் ஒண்டு இரிக்கி. வீட்டுலயும் சொல்லல்ல. கழுவித் தருவியா?"

வேன் முழுக்க ஒரே நேரத்தில் வாய் திறந்தது! ஒருத்தியின் மாமிக்குப் புண், இன்னொருத்தரின் தம்பிக்கு விரல் எடுத்தாயிற்று. புத்தளம் வந்து சேர்வதற்குள் அறைக்கு இடம் பேசியாயிற்று. பரிசோதனையோடு வேலை முடிந்துபோன சிலாபத்து நர்ஸ் மிஸ்ஸுக்கு வேனிலிருந்தே போன் எடுத்தேன். "வாரத்துக்கு ஒரு நாள் கட்டாயம் வாறன், நஸீமா" என்று தன் சிங்களத் தமிழில் சொன்னார். மற்ற நாட்களுக்கு நானும் றிஸானாவும்.

காசு திரும்பி வராது. அதை மறைக்க மாட்டேன். றிஸானாவின் மகள் கலியாணம் தள்ளிப்போயிருக்கிறது. சில இரவுகளில் றிஸானா எனக்குப் போன் எடுத்து அழுவாள். சலீம் நானா இன்னும் பழைய என்ஜினோடுதான் கடலுக்குப் போகிறார். ஆனாலும் இன்று அந்த அறையில் றிஸானா வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்ற ஊற்ற, அவர் "சுடுது புள்ள, சுடுது!" என்று கத்த, வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உங்கள் மௌத்துக்குப் பிறகு நான் இப்படிச் சிரித்ததில்லை.

வெறும் களிம்பு என்று தெரிந்திருந்தால் நீங்கள் மனம் உடைந்திருப்பீர்களா? அல்லது என் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை, ராத்தா.

பூட்டப் போகிற நேரம் எலுவன்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண் வந்தாள். காலில் துணி சுற்றியிருந்தது. "கால எடுக்கச் சொல்லுவாங்களோ எண்டு பயத்துல எங்கயும் காட்டல்ல" என்றாள். துணியை அவிழ்த்தேன். உங்களுடையதைவிட மோசமான புண். திறப்புக்கு வந்திருந்த நர்ஸ் மிஸ் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பெரியாஸ்பத்திரிக்கும் நாளைக்கே போகவேண்டும், ஆனால் காலைக் காப்பாற்றலாம் என்றார்.

நாளைக் காலை அவளைக் கூட்டிக்கொண்டு நான்தான் போகிறேன். திரும்பி வந்ததும் அவள் நம் வீட்டில்தான் தங்குவாள். அவள் தன் சொந்தக் காலில் நடந்து ஊருக்குப் பஸ் ஏறும் வரை அந்தப் புண்ணை நான் கழுவுவேன், ராத்தா. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
நஸீமா