மூன்றாம் தரம் கூப்பிடுவதற்கு முன்

நைனா,

இன்று காலை காலேஜில் என் அட்மிஷன் மேஜைக்கு எதிரே ஒருவர் குனிந்து, தன் மகளின் முறை எப்போது வரும் என்று கேட்டார். சட்டை பளிச்சென்று துவைத்துத்தான் இருந்தது. ஆனாலும் மெஷின் ஆயில் வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் உன் சட்டையை விட்டுப் போகாத அதே வாசனை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் பிளஸ் டூவில் முதல் குரூப். வந்திருப்பதோ பி.காமுக்கு.

நம் அணு நிலையக் குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளை என்றால் முதல் குரூப்தான், மறுபேச்சே கிடையாது. அணு ஆராய்ச்சி செய்கிறவர் பிள்ளைக்கும் அதே, அங்கே ஃபிட்டராக இருந்த உன் பிள்ளைக்கும் அதே. எனக்கு அக்கவுண்டன்சிதான் வேண்டும் என்று அழுதேன். மேல்வீட்டு சயின்டிஸ்ட் நம்மை என்ன நினைப்பாரோ என்று நீ கவலைப்பட்டாய். அவருக்கு என் பேர்கூடத் தெரியாது, நைனா.

இரண்டு வருஷம் பிசிக்ஸோடு மாரடித்துப் பாஸ் செய்தேன். செங்கல்பட்டில் காலேஜுக்குப் போனபிறகுதான் விதியே நமக்குத் தெரிந்தது. பி.காமுக்கு முதலில் காமர்ஸ் குரூப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள், அவர்கள் போக இடம் இருந்தால்தான் மற்றவர்கள். அந்த மற்றவர்களில் என் பேர் முதலில் இருந்தது. சீட் கிடைக்காவிட்டால் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஏதாவது கம்பெனி வேலை என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

மத்தியானம் ஒரே ஒரு சீட் மிச்சம். காமர்ஸ் வரிசையிலும் ஒரே ஒரு பேர் மிச்சம். பியூன் வாசலில் நின்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று தரம் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் சீட் எனக்கு. இரண்டாம் தரம் கூப்பிட்டார். நான் சர்ட்டிஃபிகேட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தேவிட்டேன். நீ வராந்தா தூணைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பியூன் மறுபடி வாயைத் திறந்தார்.

"சார், கொஞ்சம் இருங்க. ஒரு பொண்ணு ஓடி வந்துகினு கீது." குரல் உன்னுடையது.

திருவிடந்தைப் பெண். பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். உள்ளே போனாள், என் சீட்டும் போனது. பாவம் பார்த்து ஒரு புரொபசர் பிசிக்ஸில் இடம் இருக்கிறது என்றார். வேண்டாம் என்று நீதான் சொன்னாய். அந்த ஞானம் இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கலாம்.

வீடு திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. அவள் ஓடி வருவதை உன்னை யார் சொல்லச் சொன்னது என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "பாத்துட்டேனே. பாத்துட்டு எப்டிம்மா சும்மா இருக்கறது?"

கொஞ்சம் கண்ணைத் திருப்பிக்கொண்டால் என்ன நைனா? பெற்ற பெண் நான்தானே? ஊரே உன்னைத் தங்கமான மனுஷன் என்றது. அந்தத் தங்கத்துக்குச் செய்கூலி கொடுத்தது நான்.

கம்பெனிக்குப் போனேன். தபால் வழி பி.காமில் எந்தக் குரூப் என்று யாரும் கேட்கவில்லை, சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நீ சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவந்து விடுவாய். பின்னால் உட்கார்ந்து உம்மென்றே வருவேன். எம்.காம் முடித்து, கேளம்பாக்கம் பக்கத்தில் இந்தக் காலேஜ் வேலை கிடைத்தபோது நீ இல்லை.

இங்கேயும் அதே விதிதான். இன்று பி.காமில் கடைசி சீட்டுக்கு ஒரு காமர்ஸ் பையன் பேரைக் கூப்பிட்டோம். இரண்டு தரம் கூப்பிட்டும் ஆள் இல்லை. அடுத்த பேர் காலையில் வந்த அந்தப் பெண்ணுடையது. அப்பாவும் மகளும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் பியூனை இருக்கச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். பின்னால் அந்தப் பெண் என்னைச் சபித்திருப்பாள். சபிக்கட்டும். அவள் இடத்தில் நின்றவள்தானே நான்.

ஷேர் ஆட்டோக்கள் வந்தன, ஒரு பஸ் நின்று போனது. அது கிளப்பிய தூசி அடங்கும்வரை நின்றேன். திரும்பி வந்து மூன்றாம் தரம் கூப்பிடச் சொன்னேன். அப்புறம் அவள் பேரை எழுதினேன்.

யாரும் ஓடி வரவில்லை, நைனா. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.